ஒப்புதல் கேளாத இணைப்பு: ஜோசப் ஹௌவின் வாழ்வும் வாதமும்

ஒரு நாடு பிற நாடுகளோடு ஓர் ஆட்சியமைப்பில் இணைவதும், இணைந்தபின் விலக விழைவதும் வரலாற்றில் புதியன அல்ல. இணைப்பை வேண்டுவோர் காவலையும் வளத்தையும் எடுத்துக்காட்டுவர். விலக விழைவோர் உரிமையையும் வருவாயையும் எடுத்துக்காட்டுவர். இருசாராரும் கணக்கேடுகளைக் கொண்டே வாதிடினும், அவ்வாதங்களுக்கெல்லாம் அடியில் கிடப்பது மக்களின் இசைவு கேட்கப்பட்டதா என்னும் வினாவே. அவ்வினாவைத் தம் வாழ்வின் இறுதிப் பகுதியில் சுமந்தவர், கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோசியாவின் இதழாசிரியரும் கவிஞரும் அரசியல் தலைவருமாகிய ஜோசப் ஹௌ ஆவார்.

அச்சுக்கூடமே பள்ளி

ஹௌ 1804ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஹாலிபாக்ஸில் பிறந்தார். தந்தையார் ஜான் ஹௌ, அமெரிக்கப் புரட்சியின்போது பிரித்தானிய முடியரசின் பக்கம் நின்று பாஸ்டனை விட்டு வெளியேறியவர். ஹாலிபாக்ஸில் அரசு அச்சாளராகவும் அஞ்சல் தலைவராகவும் பணிபுரிந்தவர். முடியரசின்பால் தந்தைக்கிருந்த பற்று மைந்தருக்கும் வாய்த்தது. பின்னாளில் அவர் எய்திய பெருமைக்கும் இடர்ப்பாட்டுக்கும் அதுவே ஒரு காரணமாயிற்று.

பள்ளிக் கல்வி மிகுதியும் பெறாத ஹௌ, பதின்மூன்றாம் வயதிலேயே அச்சுக்கூடத்தில் தொழில் பழகத் தொடங்கினார். அச்சுக் கோத்த கைகளே கவிதையும் எழுதின. 1827ஆம் ஆண்டின் இறுதியில் 'நோவாஸ்கோசியன்' என்னும் இதழை விலைக்கு வாங்கினார். இதழின் பொருட்டுக் குதிரைமீதேறி மாகாணமெங்கும் சுற்றி, கண்டவற்றைத் தொடர் கட்டுரைகளாக வரைந்தார். மீனவர், உழவர், கப்பல் கட்டுவோர் ஆகியோரிடம் நேரிற் பழகிய அறிவு அவருடைய எழுத்துக்கு உரமாயிற்று. தாமஸ் சாண்ட்லர் ஹாலிபர்ட்டனின் புகழ்பெற்ற 'கடிகாரக்காரர்' நகைச்சுவைத் தொடர் 1835இல் இவ்விதழிலேயே வெளிவரத் தொடங்கியது.

அதே ஆண்டின் முதல் நாளில், ஹாலிபாக்ஸ் நகர நடுவர்களின் ஊழலைக் குற்றஞ்சாட்டும் மடலொன்றை ஹௌ வெளியிட்டார். அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. வெல்ல வழியில்லை என வழக்கறிஞர்கள் கைவிரித்தனர். ஹௌ சட்டநூல்களை இரவல் பெற்றுத் தாமே கற்றார். தமக்காகத் தாமே ஆறு மணி நேரத்துக்கும் மேலாக வாதிட்டார். ஜூரிகள் பத்து நிமிடத்தில் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். நோவா ஸ்கோசியாவில் இதழியல் உரிமைக்கு அது நிலையான வெற்றியாக அமைந்தது.

மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி

1836இல் ஹௌ சட்டமன்ற உறுப்பினரானார். ஆளுநரும் அவர் அமர்த்திய சிலரும் ஆள்வதை மாற்றி, சட்டமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றோரே ஆளவேண்டும் என்பது அவருடைய கொள்கை. வன்முறை வழியை அவர் ஏற்றதில்லை. 1840இல் எதிர்தரப்பினர் ஒருவர் துப்பாக்கிச் சமருக்கு அழைத்தபோது, எதிரியின் குண்டு தப்பியபின் ஹௌ தம் துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டுவிட்டுத் திரும்பினார். அவர் கையாண்ட படைக்கலங்கள் தீர்மானமும் மடலும் மேடையுமே. 1848இல், பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுள் முதன்முதலாக நோவா ஸ்கோசியா பொறுப்பாட்சியைப் பெற்றது. அவ்வாட்சி கருப்பொருளாகவே இருக்கும் மற்றொரு நிகழ்ச்சிக்குப் பதினாறு ஆண்டுகளே இடையிருந்தன.

இணைப்பும் எதிர்ப்பும்

1864 செப்டம்பரில் சார்லட்டவுன் நகரில் கூடிய மாநாடு, பிரித்தானிய வட அமெரிக்க மாகாணங்களை ஒரே கூட்டாட்சியாக்கும் முயற்சியைத் தொடங்கிவைத்தது. நோவா ஸ்கோசியாவின் முதல்வர் சார்லஸ் டப்பர் இணைப்புக்கு முன்னின்றார். 1855இல் ஹௌவைத் தேர்தலில் தோற்கடித்து அரசியலில் நுழைந்தவர் இவர். ஹௌ அப்போது பிரித்தானிய அரசின் மீன்பிடித்துறை ஆணையராக இருந்தமையால் மாநாட்டில் கலந்துகொள்ளவில்லை.

1865இன் தொடக்கத்தில், பெயர் குறிப்பிடாமல் பன்னிரண்டு மடல்களை ஹௌ இதழில் எழுதி இணைப்பை எதிர்த்தார். நோவா ஸ்கோசியா கடலை நோக்கிய நாடு. மீனும் மரக்கப்பலும் அயல்வாணிகமும் அதன் வாழ்வு. உள்நாட்டுத் தலைநகரிலிருந்து ஆள்வோர் கடல்வாணரின் தேவையை அறியார் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்வந்த புள்ளிகளும் அவ்வச்சத்துக்கு இடந்தந்தன. மாகாணத்தில் 10 விழுக்காடாக இருந்த சுங்கவரி இணைப்பினால் 15 விழுக்காடாயிற்று. நாடாளுமன்றத்தின் 181 இடங்களுள் நோவா ஸ்கோசியாவுக்குக் கிடைத்தவை 19. ஆண்டுதோறும் தலைக்கு 80 சென்ட் மானியம் வழங்கப்பட்டது. அது ஓர் ஆட்டுத்தோலின் விலையே என எதிர்ப்பாளர் எள்ளினர்.

மறுதரப்பின் வாதங்களும் எளியன அல்ல. அமெரிக்காவுடனான வணிக உடன்படிக்கை 1866இல் முடிவுற்றது. உள்நாட்டுப் போர் முடித்த அந்நாட்டின் படைவலிமை அச்சமூட்டியது. கண்டத்தின் உட்பகுதியோடு இணைக்கும் இருப்புப்பாதை தேவைப்பட்டது. மேலும் ஹௌவே முன்னர்ப் பலமுறை மாகாணங்களின் ஒன்றிப்பைப் போற்றிப் பேசியவர். டப்பர் மீதான பொறாமையே அவரை எதிரணியிற் சேர்த்தது என்றும் பகைவர் தூற்றினர். தனிப்பகை சிறிதும் கலவாதிருந்தது எனக் கூறல் அரிது. எனினும் ஒரு வேறுபாடு தெளிவானது. ஒன்றிப்பைக் கனவாகப் பாடுவது வேறு. தேர்தலில் மக்களைக் கேளாமலே சட்டமன்றத் தீர்மானத்தால் அதனை முடிப்பது வேறு. 1866இல் டப்பர் செய்தது இரண்டாவது. பொறுப்பாட்சிக்காகப் போராடியவர் அதனைப் பொறுத்திருத்தல் இயலாது.

இலண்டனின் மறுப்பு

1867 ஜூலை முதல் நாள் கனடாக் கூட்டாட்சி பிறந்தது. ஹாலிபாக்ஸில் எதிர்ப்பு இதழ் அந்நாளை மாகாணத்தின் இறப்பு நாளாக அறிவித்தது. செப்டம்பரில் நடந்த தேர்தலில் மக்கள் தம் தீர்ப்பைத் தெரிவித்தனர். நாடாளுமன்றத்துக்கான 19 இடங்களுள் 18, மாகாணச் சட்டமன்றத்தின் 38 இடங்களுள் 36 எதிர்ப்பாளருக்கே கிடைத்தன. டப்பர் ஒருவரே நாடாளுமன்றத்துக்குத் தப்பிப் பிழைத்தார்.

இதனினும் தெளிவான மக்கள் தீர்ப்பை எங்கே பெறுவது? அத்தீர்ப்பை ஏந்தி 1868இல் ஹௌ இலண்டன் சென்றார். ஜான் பிரைட் நாடாளுமன்றத்தில் விசாரணை வேண்டினார், அம்முயற்சி தோற்றது. இணைப்பை நீக்க இயலாது எனப் பிரித்தானிய அரசு மறுத்துவிட்டது. எந்த முடியரசைத் தம் மக்களின் காவலாகக் கருதினாரோ, அம்முடியரசே அவர் முன் கதவை அடைத்தது.

எஞ்சிய வழிகள் இரண்டு: கிளர்ச்சி அல்லது அமெரிக்காவோடு இணைதல். இரண்டையும் பேசுவோர் மாகாணத்தில் இருந்தனர். ஹாலிபாக்ஸின் நூற்றாண்டு விழாவுக்காக 1849இல் இங்கிலாந்தின் கொடியைப் போற்றிக் கவிதை படைத்த ஹௌவுக்கு இரண்டும் ஒவ்வாதன. கவிதையை அணியாக மட்டும் கருதுவோர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர் அன்று பாடிய பற்றே இன்று அவர் கைகளைக் கட்டியது.

உடன்பாடும் பழியும்

1868 ஆகஸ்டில் கனடாவின் தலைமையமைச்சர் ஜான் மக்டொனால்ட் ஹாலிபாக்ஸ் வந்து பேசினார். 1869 ஜனவரியில் போர்ட்லாந்து நகரில் நிதியமைச்சருடன் ஹௌ உடன்பாடு கண்டார். மாகாணக் கடனுக்கான ஒதுக்கீடு 80,00,000 டாலரிலிருந்து 91,86,756 டாலராக உயர்ந்தது. பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 82,698 டாலர் கூடுதல் மானியமும் கிடைத்தது. அம்மாத இறுதியிலேயே ஹௌ மக்டொனால்டின் அமைச்சரவையில் அமர்ந்தார்.

பழைய தோழர்கள் அவரைத் துரோகி என்றனர். அவர் மடல்களை வெளியிட்ட இதழே அவரைத் தாக்கி எழுதியது. அமைச்சரானமையால் மீண்டும் தேர்தலைச் சந்திக்க நேர்ந்த ஹௌ, ஹாண்ட்ஸ் தொகுதியில் கடுங்குளிரில் ஊரூராகச் சென்று தம் செயலுக்கு விளக்கம் கூறினார். வென்றார், ஆனால் இழந்த உடல்நலம் மீளவில்லை. 1873 மே மாதத்தில் நோவா ஸ்கோசியாவின் துணைநிலை ஆளுநராகத் தாயகம் திரும்பியவர், மூன்று வாரங்களே அப்பதவியில் இருந்து, ஜூன் முதல் நாள் மறைந்தார்.

அவருடைய கவிதைகளும் கட்டுரைகளும் 1874இல் நூலாயின. கவிதைகள் நேர்மையானவை, பெருங்கவிதைகள் என்று சொல்லுதற்கில்லை. அவர் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது உரைநடையிலும் மேடைப்பேச்சிலுமே. ஹாலிபாக்ஸ் சட்டமன்ற வளாகத்தில் 1904இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

அவர் எழுப்பிய வினா அவரோடு மறையவில்லை. 1886இல் முதல்வர் பீல்டிங் விலகலை முன்வைத்து மாகாணத் தேர்தலில் பெருவெற்றி பெற்றார். மறு ஆண்டே நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாகாணம் இணைப்பை ஆதரிப்போரைப் பெரும்பான்மையாகத் தேர்ந்தது. இரு இல்லங்களுக்கு இடையே நின்ற மக்களின் மனம் அது. ஹௌவின் மனமும் அதுவே. விலகலைப் பெற இயலாதபோது தம் மக்களுக்கு எட்டிய நலனையேனும் பெற்றுத் தந்து, அதற்குரிய பழியைத் தாமே ஏற்றார். அவர் செய்தது சரணா, தொண்டா என்று முடிவுகட்டுமுன், இசைவு கேளாது இணைத்தோர் அத்தகைய பழியுள் ஒரு பங்கேனும் சுமந்தனரா என்று வினவுதல் நேர்மையாகும்.