லாக் புக்கில் ஒட்டிய பூச்சி

லேப்ல ஒரு சர்வீஸை எனேபிள் பண்றோம். எதிர்பாராம ஒரு வார்னிங் வருது: யூனிட் ஃபைலில் இன்ஸ்டால் பகுதி இல்லையாம். நாம என்ன பண்றோம்? ஸ்கிரீனை கிளியர் பண்ணிட்டு, திரும்ப அதே கமாண்டை அடிக்கிறோம். மெஷின் சொல்றதைக் காதுல வாங்குறதே இல்லை. வாங்கியே வாழ்ந்த ஒருத்தரைப் பத்திப் பார்ப்போம்.

கிரேஸ் ஹாப்பர் 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில், எப்படி ஓடுதுன்னு பார்க்க ஓர் அலாரம் கடிகாரத்தைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னொன்று. இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரமும் காலி! அம்மா திட்டித் தடுக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரம்தான் என்று கணக்கு வைத்தார்.

1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். வாசர் கல்லூரியில் பேராசிரியை. இரண்டாம் உலகப்போரில் கடற்படைக்குப் போனார். எடை போதாது, வயதும் கூடுதல். சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்டின் மார்க் 1 கம்ப்யூட்டரில் வேலை.

1947 செப்டம்பர் 9. மார்க் 2 தகராறு செய்தது. திறந்து பார்த்தால், ரிலேவில் ஓர் அந்துப்பூச்சி. ஆபரேட்டர்கள் அதைத் தூக்கிப் போடவில்லை. லாக் புக்கில் நேரம் குறித்து, டேப் போட்டு ஒட்டினார்கள். கண்டுபிடித்தது ஹாப்பர் என்று நெட்ல சுத்துது. அது சரியில்லை. 'பக்' என்ற சொல்லும் அதற்கு முன்பே உண்டு. ஆனால் அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான். அந்தப் பக்கம் இன்றும் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கு.

1952இல் ஏ-0 கம்பைலர் செய்தார். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதாது என்று பலர் நம்ப மறுத்தார்கள். அடுத்து வந்த அவரது ஃப்ளோமேட்டிக், கோபாலுக்கு அடித்தளம். 1986இல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 அன்று மறைந்தார். லினக்ஸ் அப்போது சில மாதக் குழந்தை.

சரி, நம்ம வார்னிங்? எனேபிள் என்பது பூட் நேரத்துக்கு ஒரு லிங்க் போடுவது. எங்கே போடணும்னு சொல்றது இன்ஸ்டால் பகுதி. இன்னொரு சர்வீஸோ டைமரோ எழுப்பும் யூனிட் என்றால் அது தேவையே இல்லை, வார்னிங்கை விட்டுடலாம். நீங்களே எழுதிய ஃபைல் என்றால், அந்தப் பகுதியைச் சேர்த்து, வான்டட்பை வரியில் மல்டி-யூசர் டார்கெட்டைக் கொடுங்க. மறுபடி எனேபிள் பண்ணுங்க. அப்பவும் ஓடலையா? ஜர்னல்சிடிஎல் திறங்க. அதுதான் நம்ம லாக் புக். கிடைச்ச பூச்சியை நோட்டுல எழுதி வைங்க. அடுத்த செமஸ்டர் ஜூனியருக்கு உதவும்.