தொழிற்பள்ளியின் தந்தை

கல்வி என்பது ஏட்டில் உள்ளதை மனத்தில் ஏற்றிக்கொள்ளும் செயல் என்றே பலர் கருதுவர். கைத்தொழில் கல்லாதவர்க்கு உரியது என்பதும் அவர்தம் எண்ணம். இவ்வாறு அறிவையும் கையையும் வேறு பிரித்து வைத்த நாடுகள் பல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மனியும் அவற்றுள் ஒன்றாகும். அந்நாட்டில் தோன்றி, உழைக்கும் இளைஞனுடைய தொழிலிலிருந்தே அவனது அறிவையும் ஒழுக்கத்தையும் வளர்க்கலாம் என்று செய்து காட்டியவர் ஜார்ஜ் கெர்ஷென்ஸ்டைனர். கல்வியாளர் இவரைத் தொழிற்பள்ளியின் தந்தை என்று போற்றுவர்.

கெர்ஷென்ஸ்டைனர் 1854-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் மியூனிக் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வணிகத்தில் நொடித்து வறுமையுற்ற குடும்பம். உயர்நிலைக் கல்வி பெறுதற்கு வேண்டிய பொருள் அவருக்கு இல்லை. ஆகவே தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குரிய பயிற்சி பெற்று, மீசை அரும்பும் பருவத்திலேயே சிற்றூர்ப் பள்ளியில் துணையாசிரியராக அமர்ந்தார். ஆயினும் அவருடைய அறிவு வேட்கை தணியவில்லை. கிடைத்த வேலையைத் துறந்தார்; தம்மினும் இளைய மாணவரோடு மீண்டும் பள்ளியில் அமர்ந்து பயின்றார். பின்னர் மியூனிக்கில் கணிதமும் இயற்பியலும் கற்று, 1883-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆசிரியராக இருந்தவர் மாணவராகி, மீண்டும் ஆசிரியரான இவ்வரலாறு அவருடைய உள்ள உறுதிக்குச் சான்றாகும்.

அதன்பின் அவர் நியூரம்பர்க், சுவைன்பர்ட் ஆகிய நகரங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் பணியாற்றினார். இயற்கையறிவு நூலைப் படிப்பதனால் மட்டும் வருவதன்று என்பதை உணர்ந்து, மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று செடிகொடிகளை நேரில் கண்டு ஆராயச் செய்தார். 1895-இல் மியூனிக் நகரப் பள்ளிகள் அனைத்திற்கும் தலைமை அலுவலராகும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. 1919 வரை, இருபத்து நான்கு ஆண்டுகள், அப்பொறுப்பை அவர் தாங்கினார். அவர்தம் அரும்பணிகள் பெரும்பாலும் அக்காலத்தில் நிகழ்ந்தவையே.

அந்நாளில் ஜெர்மனியில் ஆலைகள் பெருகின, நகரங்கள் விரிந்தன. உழைப்பாளர் வீட்டுச் சிறுவர் பதின்மூன்று, பதினான்கு வயதில் தொடக்கப்பள்ளியை விட்டு நீங்கித் தொழிலாளராகவோ தொழில் பழகுநராகவோ சேர்ந்தனர். பழங்காலத்தில் தொழிற்குழுவினர் பழகுநரைத் தம் இல்லத்தில் வைத்துக்கொண்டு, தொழிலின் நுட்பம் முழுவதையும் கற்பித்தனர். அந்த ஏற்பாடு தளர்ந்துவிட்டது. சிறுவனை ஏவல் செய்யவும் சுமை தூக்கவும் பயன்படுத்திக்கொண்டு, தொழிலைக் கற்பியாது விட்டவர்களும் இருந்தனர். பள்ளியை விட்ட நாள் முதல் படையில் சேரும் நாள் வரை அவ்விளைஞரைப் பேணுவார் இலர்.

அவர்களுக்கென்று தொடர்கல்விப் பள்ளிகள் சில இருந்தன. ஆனால் அவை ஞாயிற்றுக்கிழமையிலோ, மாலை நேரத்திலோ நடைபெற்றன. பகலெல்லாம் பட்டறையில் உழைத்துக் களைத்து வந்தவனுக்கு, தொடக்கப்பள்ளியில் படித்த பாடமே மீண்டும் புகட்டப்பட்டது. அப்பாடத்துக்கும் அவன் தொழிலுக்கும் தொடர்பு இல்லை. அவன் கண்கள் ஏட்டின்மேல் இருக்க, உள்ளம் உறக்கத்தை நாடியது. இத்தகைய பள்ளியால் பயன் விளையாதது வியப்பன்று.

1900-ஆம் ஆண்டு எர்பர்ட் நகரத்துக் கல்விக் கழகம் ஒரு பரிசுப் போட்டியை அறிவித்தது. தொடக்கப்பள்ளியை விட்டபின் படையில் சேரும்வரை உள்ள காலத்தில், இளைஞரை நல்ல குடிமக்களாக ஆக்குவது எவ்வாறு என்பதே அப்போட்டியின் வினா. கெர்ஷென்ஸ்டைனர் எழுதிய கட்டுரை பரிசு பெற்று, 1901-இல் நூலாக வெளிவந்தது. இளைஞன் தன் உள்ளத்தை எதில் செலுத்துகிறானோ அதிலிருந்தே கல்வியைத் தொடங்க வேண்டும். அது அவனுடைய தொழிலேயாகும். தொழிலில் திறம் பெற்றவன் அதில் மகிழ்ச்சி காண்பான். மகிழ்ச்சியோடு உழைப்பவன் பொறுப்பும் நேர்மையும் பெறுவான். அவனே பிறருடன் கூடிப் பொதுநலம் பேணும் குடிமகன் ஆவான். இதுவே அக்கட்டுரையின் சாரம்.

எழுதியதோடு அவர் அமையவில்லை. மியூனிக் நகரத்தின் தொடர்கல்விப் பள்ளிகளைத் தொழில்வாரியாக மாற்றி அமைத்தார். எத்தொழிலில் பழகுநர் போதிய அளவில் இருந்தனரோ, அத்தொழிலுக்கெனத் தனிப் பள்ளி ஏற்பட்டது. அப்பம் சுடுவோர், இறைச்சி விற்போர், முடி திருத்துவோர், தையற்காரர், தச்சர், கொல்லர், நூல் கட்டுவோர் எனப் பல தொழிலினரும் தத்தமக்குரிய பள்ளியைப் பெற்றனர். பள்ளியின் நடுநாயகமாகப் பட்டறை விளங்கியது. தச்சுப் பழகுநன் கற்ற கணக்கு, மரத்தின் அளவும் விலையும் பற்றியது; அவன் வரைந்த படம் அவன் செய்யவிருக்கும் மேசையின் படம்; அவன் எழுதிய கடிதம் வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம். தொழிலின் வரலாற்றிலிருந்து நகரத்தின் வரலாறும், அதிலிருந்து நாட்டின் சட்டமும் குடிமகன் கடமையும் கற்பிக்கப்பட்டன.

இம்மாற்றத்துக்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. களைப்பு மிகுந்த இரவு நேரத்தை விட்டு, வேலை நேரத்திலேயே வகுப்புகளை நடத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. பழகுநனின் உழைப்பில் சில மணி நேரத்தை இழக்க முதலாளிகள் எளிதில் இசைவரோ? பட்டறை புகுந்தால் பள்ளியின் பெருமை குன்றும் என்று கற்றவருள்ளும் சிலர் அஞ்சினர். கெர்ஷென்ஸ்டைனர் தொழிற்குழுவினரை நேரில் அணுகினார். பாடத்திட்டம் வகுக்கும்போது அவர்களுடைய கருத்தைக் கேட்டார். கைதேர்ந்த தொழிலாளரைப் பள்ளியில் கற்பிக்க அமர்த்தினார். பள்ளி தம்முடையதே என்ற எண்ணம் தொழில் முதல்வர்க்கு உண்டாயிற்று. முன்பு தடுத்தவர்களுள் பலர் பின்பு துணை நின்றனர்.

சிறுவர் பள்ளியிலும் அவர் செயலுக்கு இடம் தந்தார். பட்டறை, ஆய்வுக்கூடம், சமையற்கூடம், தோட்டம் ஆகியவை பள்ளிகளில் இடம்பெற்றன. 1908-இல் சூரிக் நகரில் ஆற்றிய சொற்பொழிவில், வருங்காலப் பள்ளி செயல்வழிப் பள்ளியே என்ற தம் கொள்கையை அவர் விளக்கினார். பறவைக்கு மரப்பலகையால் கூடு செய்வதை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. கூடு செய்யும் மாணவன் முதலில் அளவைச் சிந்திக்கிறான்; பலகை எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுகிறான்; பின்பு அறுத்து இணைக்கிறான். அறுத்தது ஒரு நூல் அளவு பிழைத்தாலும், இணைப்பில் இடைவெளி தோன்றி அப்பிழையைக் காட்டிவிடும். ஆசிரியர் குறை கூற வேண்டுவதில்லை; செய்த பொருளே அவனுக்குத் தேர்வாளர் ஆகிறது. தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் இப்பழக்கமே ஒழுக்கத்தின் வித்து என்பது அவர் துணிபு.

அவர் புகழ் ஜெர்மனிக்கு வெளியேயும் பரவியது. 1910-இல் அமெரிக்கா சென்று சொற்பொழிவுகள் ஆற்றினார். 1912 முதல் 1918 வரை ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். நகரப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கற்பித்தார். 1932-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள், பிறந்த நகரத்திலேயே இயற்கை எய்தினார்.

அவருடைய கொள்கைகளில் குறைகளும் உண்டு. பெண்களின் கல்வியைப் பெரும்பாலும் இல்லறப் பணிகளோடு அமைத்துக்கொண்டார். அரசுக்கு அடங்கி நடத்தலை அளவுக்கு மிஞ்சி வலியுறுத்தினார் என்றும் அறிஞர் சிலர் கூறுவர். காலத்தின் எல்லையைக் கடத்தல் யாவர்க்கும் அரிது.

ஆயினும் அவர் இட்ட வித்து பட்டுப்போகவில்லை. 1919-இல் இயற்றப்பட்ட ஜெர்மானிய அரசியலமைப்பு, பதினெட்டு வயது நிறையும்வரை தொடர்கல்வி உண்டு என்று விதித்தது. 1969-இல் நாடு முழுமைக்கும் உரிய தொழிற்பயிற்சிச் சட்டம் பிறந்தது. 2005-இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட தொழில்களுக்கு இருவழிப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பழகுநர் தொழில் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, உதவி ஊதியம் பெற்று, வாரத்தின் பெரும்பகுதியை அங்கே கழிப்பர். ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் பயில்வர். எத்தொழிலுக்கு எத்திறம் வேண்டும் என்பதை அரசினரும் முதலாளிகளும் தொழிற்சங்கத்தினரும் கூடி முடிவு செய்வர். கற்றது ஒன்று, கிடைக்கும் வேலை மற்றொன்று என்னும் துன்பத்தைக் குறைப்பதற்கு இது சிறந்த வழி எனப் பிற நாட்டினரும் கண்டு ஆராய்கின்றனர். இவ்வமைப்பைக் கட்டியோர் பலர். அதன் அடிக்கற்களுள் முதன்மையானவற்றை நாட்டியவர் கெர்ஷென்ஸ்டைனர்.

வறுமையால் படிப்பை இழந்து, மனவுறுதியால் அதனை மீண்டும் பெற்றவர் அவர். தாம் பெற்ற உயர்வைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், கரி படிந்த கைகளோடு பட்டறையில் நின்ற சிறுவரை நோக்கித் திரும்பினார். அவர்களுடைய கையிலிருந்த உளியும் சுத்தியலும் கல்விக் கருவிகளே என்று உலகம் உணரச் செய்தார். எத்தொழிலும் செம்மையாகச் செய்யப்படும்போது கல்வியாகிறது என்பதே அவர் வாழ்க்கை உணர்த்தும் பாடமாகும்.