மகாகவியின் புத்தகக் கணக்கு

தில்லியில் கான் மார்க்கெட்டை ஒட்டிச் செல்லும் சாலைக்கு சுப்ரமண்ய பாரதி மார்க் என்று பெயர். பாரதியாரைக் கவியாக நமக்குத் தெரியும். தேசபக்தராகவும் பத்திரிகாசிரியராகவும் தெரியும். ஆனால் தன் புத்தகங்களைத் தானே அச்சிட்டு விற்பதற்கு அவர் பட்ட பாட்டை நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. தலைநகரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர்கள் சிலர் சமீப காலமாகச் சொந்தப் பதிப்பகம் தொடங்கித் தங்கள் புத்தகங்களைத் தாங்களே கொண்டு வருகிறார்கள். இன்று அது பெரிய காரியமில்லை. ஐ.எஸ்.பி.என். எண் வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி இந்த ஊரிலேயே இருக்கிறது. எண்ணுக்குக் கட்டணமும் கிடையாது. பதிப்பகத்துக்கு ஒரு பெயர், கொஞ்சம் சேமிப்பு, நல்ல அச்சகம் இருந்தால் போதும். கஷ்டமெல்லாம் கட்டுக்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான்! பாரதியார் காலத்திலோ முதல் படியே மலையாக இருந்தது.

1882-இல் எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதியார். 1904-இல் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1907-இல் அவருடைய மூன்று பாடல்களை வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வினியோகம் செய்தார். ஐயர் மிதவாதி, பாரதியாரோ தீவிரவாதக் கட்சி. அப்படியிருந்தும் செய்தார். மறு வருஷம், 1908-இல், பாரதியார் தம் ஸ்வதேச கீதங்களைத் தாமே புத்தகமாக வெளியிட்டார். 1909-இல் அதன் இரண்டாம் பாகமாக ஜன்ம பூமி வந்தது.

விலை வைப்பதில் அவருக்குத் தனி யோசனைகள் இருந்தன. அவர் நடத்திய இந்தியா வாரப் பத்திரிகைக்கு எல்லோருக்கும் ஒரே சந்தா கிடையாது. சாதாரண வாசகருக்கு வருஷத்துக்கு 3 ரூபாய், மாத வருமானம் 200 ரூபாய்க்கு மேல் உள்ளவருக்கு 15, ஜமீன்தாருக்கு 30, சர்க்காருக்கு 50. இருப்பவர் அதிகம் கொடுக்கட்டும், இல்லாதவரும் படிக்கட்டும் என்ற எண்ணம். எத்தனை ஜமீன்தார்கள் மனமுவந்து 30 ரூபாய் அனுப்பியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

1908-இல் கைதாகாமலிருக்கப் புதுவைக்குப் போனார். அங்கிருந்தும் இந்தியா வெளிவந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையக்கூடாது என்று அரசாங்கம் தடுத்ததும், 1910-இல் பத்திரிகை நின்றது. கனவு, ஆறில் ஒரு பங்கு ஆகிய இரு சிறு புத்தகங்களுக்கு 1911-இல் சென்னை சர்க்கார் தடை விதித்தது. அவரை வாசிக்கக் கூடியவர்களில் பெரும்பாலோர் இருந்தது எல்லைக்கு இந்தப் பக்கம். புத்தகம் அந்தப் பக்கம். இந்த நிலையில் எந்தப் பதிப்பாளர்தான் என்ன செய்ய முடியும்? பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912-இல் அச்சேறியது. இரண்டாம் பாகம் அவர் உயிரோடிருந்த வரை புத்தகமாகவே வரவில்லை. 1917-இல் கண்ணன் பாட்டைச் சென்னையில் வெளியிட்டவர் பரலி சு. நெல்லையப்பர். பாரதியாரைத் தமையனாக நினைத்த அந்த இளைஞர் இல்லாவிட்டால் அந்த வருஷங்களில் இன்னும் குறைவாகவே அச்சேறியிருக்கும்.

1918 நவம்பரில் புதுவையை விட்டுக் கிளம்பியவரைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சிறை. பிறகு நிபந்தனைகளோடு விடுதலை பெற்று, செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. பெட்டியில் மட்டும் பன்னிரண்டு வருஷத்து எழுத்து இருந்தது.

அங்கேதான் அவர் பெரிய திட்டம் போட்டார். 1920 ஜூனில் நண்பர்களுக்கும் அபிமானிகளுக்கும் ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். கையெழுத்துப் பிரதிகளை 40 புத்தகங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, ஆக 4 லட்சம் பிரதிகள். ஆரம்பச் செலவு 20,000 ரூபாய். ஓரிரு வருஷத்தில் நிகர லாபம் ஒன்றரை லட்சம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு புத்தகம் விலைபோகும் என்று நம்பினார். கடன் கொடுப்பவர்கள் 100 ரூபாய்க்குக் குறையாமல் அனுப்ப வேண்டும். மாதம் 2 சதவீத வட்டியில் பத்திரம் எழுதித் தருவதாகச் சொன்னார்.

நான் சர்வீஸில் கணக்குப் பார்த்தவன். சும்மா இருக்க முடியவில்லை, பென்சிலை எடுத்துவிட்டேன். 20,000 ரூபாயில் 4 லட்சம் பிரதி என்றால் ஒரு பிரதிக்கு ஓரணா கூட விழவில்லை. 24 சதவீத வருஷ வட்டியோ கந்துவட்டிக்குச் சமானம். அச்சிட்டதெல்லாம் விற்கும் என்றே கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் அடிப்படை யோசனை தப்பில்லை. மலிவு விலை, அதிகப் பிரதி, சிறு சிறு புத்தகங்கள். பிற்காலத்தில் இங்கிலாந்தில் பென்குவின் 1935-இல் வெற்றி பெற்றது ஏறக்குறைய இதே வழியில்தான்.

அவர் கேட்ட விதத்தில்தான் சிக்கல் என்பது என் அபிப்பிராயம். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புத்தகம் வேண்டியவர்களிடம் முன்னதாகவே கையொப்பம் வாங்கினார். கையொப்பம் போட்டவர் கடன் கொடுத்தவர் அல்லர்; வாசகர். ஒரே புத்தகத்தோடு தொடங்கி, பாரதியாரும் அப்படிக் கேட்டிருந்தால் சிலராவது முன்வந்திருக்கலாம். நாற்பது புத்தகங்களுக்கு மூலதனம் கேட்டார். போலீஸ் கண்காணிப்பில் இருந்தவருக்குக் கடன் கொடுத்துப் பத்திரம் எழுதி வாங்க யாருக்குத் தைரியம் வரும்? பணம் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் சுதேசமித்திரனுக்கே திரும்பினார். 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறையுமுன், திருவல்லிக்கேணியில் காலமானார்.

திட்டத்தைக் கையில் எடுத்தவர் செல்லம்மாள். 1922-இல் பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் ஸ்வதேச கீதங்களை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இரண்டு பெண்களோடு நின்ற அந்த அம்மாளுக்குத் தொடர்ந்து நடத்த வசதியில்லை. பிறகு பாரதியாரின் தம்பி விசுவநாத ஐயர், மாப்பிள்ளை நடராஜன், உறவினர் ஹரிஹர சர்மா ஆகியோர் பாரதி பிரசுராலயத்தைத் தொடங்கினார்கள். பாஞ்சாலி சபதம் முழுமையாக வந்தது அதன் பிறகே. 1928-இல் பர்மா அரசாங்கம் பாடல்களைத் தடை செய்ய, சென்னையிலும் போலீஸார் சுமார் 2,000 பிரதிகளை அள்ளிச் சென்றார்கள். சட்டசபையில் சத்தியமூர்த்தி வாதாடினார். வழக்கும் நடந்து, புத்தகங்கள் திரும்பக் கிடைத்தன.

பதிப்புரிமை காலப்போக்கில் பிரசுராலயத்தின் வசமாயிற்று. ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை தனியே விலைபோய், ஒரு நகை வியாபாரக் குடும்பத்திடமிருந்து ஏவி. மெய்யப்பன் கைக்கு வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது, உரிமை தம்முடையது என்று அவர் ஆட்சேபித்தார். கவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று ஊர் கொதித்தது. சட்டப்படி மெய்யப்பன் பக்கம் நியாயம் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு அவர் உரிமையை விட்டுக் கொடுத்தார்.

1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சென்னை அரசாங்கம் எழுத்துரிமையை வாங்கியது. குடும்பத்தாருக்கும் தொகை கொடுக்கப்பட்டது. 1955-இல் அந்த உரிமை பொதுமக்களுக்கே விடப்பட்டு, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாயிற்று. செல்லம்மாள் காலமானதும் அதே வருஷத்தில்தான்.