வயிற்றின் மொழி அறிந்த மருத்துவர்

செங்கல்பட்டு வட்டாரத்தில் அறுவை மருத்துவனாகப் பல்லாண்டுகள் பணியாற்றியவன் நான். அவசர வயிற்றுவலி என்று நோயாளி எவரேனும் கொண்டுவரப்படும்போதெல்லாம் என் நினைவில் எழுபவர் டாக்டர் எஸ்.ரங்காச்சாரி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் முகப்பில் சிலையாக நிற்கும் அவரை நாள்தோறும் எத்தனையோ பேர் கடந்து செல்கின்றனர். அவர் யாரென அறிந்தோர் மிகச் சிலரே.

கும்பகோணத்தை அடுத்த சருக்கை என்னும் சிற்றூரில் 1882-இல் பிறந்தவர் ரங்காச்சாரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அரசுப் பணியில் சேர்ந்து பல ஊர்களில் பணியாற்றினார். மருத்துவத் துறையின் உயர்பதவிகளில் ஐரோப்பியரே நிறைந்திருந்த காலம் அது. அக்காலத்தில் தன் கைத்திறன் ஒன்றினாலேயே சென்னையின் தலைசிறந்த அறுவை மருத்துவராக அவர் உயர்ந்தார். 1922-இல் அரசுப் பணியைத் துறந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சொந்த மருத்துவமனை நடத்தினார். விடியலுக்கு முன்பே அவரது பணி தொடங்கிவிடும். வசதியுள்ளவர்களிடம் கட்டணம் பெற்றாலும், ஏழைகளுக்கு இலவசமாகவே சிகிச்சை அளித்தார்.

இன்றைய இளம் மருத்துவர்கள் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். அவர் காலத்தில் அல்ட்ராசவுண்டு இல்லை, சி.டி. ஸ்கேன் இல்லை, பெனிசிலினும் புழக்கத்துக்கு வரவில்லை. பலகைபோல் இறுகிய வயிறு, குடலோசை அடங்கிய அமைதி, கல்லீரலின் மேல் தட்டும்போது எழும் வெற்றொலி ஆகியவற்றைக் கொண்டே குடலில் ஓட்டை விழுந்திருப்பதை உணர்ந்தாக வேண்டும். கத்தியை எடுப்பதா, பொறுத்திருப்பதா என்பதைச் சில மணி நேரத்துக்குள் தீர்மானித்தாக வேண்டும்.

வயிறு எளிதில் ஏமாற்றக்கூடியது. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மீன் அன்றாட உணவு. அறியாமல் விழுங்கிய மீன்முள் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும். அரிதாக அது சிறுகுடலின் கடைப்பகுதியைத் துளைத்துவிடும். அப்போது வலி வலப்புற அடிவயிற்றில் தோன்றும். குடல்வால் அழற்சி போலவே இருக்கும். முள் விழுங்கியது நோயாளிக்கே நினைவிருக்காது. பொறுமையாகக் கேட்கும் கேள்வியும் வயிற்றின்மேல் வைத்த கையும் இன்றும் இன்றியமையாதவை என்பதற்கு இது ஒன்றே போதும்.

ரங்காச்சாரி இன்னொரு பகையையும் அறிந்திருந்தார். அது தொலைவு. தொலைவூர் நோயாளிகளைச் சென்று காண்பதற்காகச் சிறிய விமானம் ஒன்றையே அவர் வாங்கினார். அதை ஆடம்பரம் என்று கருதுவோர் குடலில் விழுந்த ஓட்டையை அறியாதவர்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணியும் வயிறு முழுவதும் சீழைப் பரப்பும்.

1934 ஏப்ரலில், 52 வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்தபோது, டைபாய்டு காய்ச்சல் அவர் உயிரைப் பறித்தது. சிறுகுடலில் புண்ணும் ஓட்டையும் உண்டாக்கி, அறுவை மருத்துவர்களை நடுங்கவைத்த நோய் அது. அதனைக் குணப்படுத்தும் குளோரம்பெனிக்கால் மருந்து வந்தது 1948-இல்தான். 14 ஆண்டுகள் பொறுக்கவில்லை காலம். 1939-இல் அவருக்குச் சிலை எழுந்தது.

இன்று செங்கல்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 108 ஊர்தி இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும், மருந்துக் கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்கி, இரண்டு நாள் கழித்து வருவோர் குறையவில்லை. மாத்திரை வலியை மறைக்கும், ஓட்டையை அடைக்காது. அன்று ரங்காச்சாரி விமானம் ஏறிக் கடந்த தொலைவு சாலைகளால் சுருங்கிவிட்டது. தயக்கம் என்னும் தொலைவை நாம்தான் கடக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் கடும் வயிற்றுவலியை எவரும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்தச் சிலைக்கு நாம் சூட்டக்கூடிய மாலை அதுவே.