துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1893 – 1964)

மாணவர்களே, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வயலின் வகுப்புக்குச் செல்பவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். ஆசிரியர் சொல்லித்தந்த கீர்த்தனையைச் சுரம் பிசகாமல் வாசித்த பின்பும், இது ஆசிரியரின் வாசிப்புத்தானே, என்னுடையது எங்கே என்ற கேள்வி உங்களுக்கு எழுந்ததுண்டா? அப்படியாயின் இவரது வாழ்க்கையைக் கவனமாகப் படியுங்கள்.

நாயுடு 1893ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி பெங்களூரில் பிறந்து, விசாகப்பட்டினத்தில் வளர்ந்தார். தமையனாரே முதற் குரு. கண்பார்வை குறைந்தவராதலால் செவியே அவருக்குப் பெருந்துணையாயிற்று. 1919இல் ஆந்திராவின் விஜயநகரத்தில் மகாராஜா இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது. (ஹம்பியைத் தலைநகராகக் கொண்ட விஜயநகரப் பேரரசு வேறு, விடையெழுதும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அங்கே மாணவராகச் சேரச் சென்றவரின் வாசிப்பைக் கேட்ட அதிபர் ஆதிபட்ல நாராயணதாஸ், அவரை வயலின் ஆசிரியராகவே நியமித்துவிட்டார்! 1936இல் நாயுடு அக்கல்லூரியின் அதிபரானார்.

வயலின் மேனாட்டு வாத்தியம் என்பதை அறிவீர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசையிற் கையாண்ட காலந்தொட்டு, அது பெரும்பாலும் பக்கவாத்தியமாகவே விளங்கியது. பாடகர் முன்னே செல்வார். வயலின் நிழல்போலப் பின்தொடரும். நாயுடுவும் பல வித்துவான்களுக்குப் பக்கம் வாசித்தவரே.

அவரது தனித்தன்மை இடக்கை விரல்களைவிட வில் பிடித்த வலக்கையிலேயே அதிகம் புலப்பட்டது எனலாம். மேனாட்டு இசையையும் விரும்பிக் கேட்ட அவர், வில்லைத் துண்டு துண்டாக இழுக்காமல் அடியிலிருந்து நுனிவரை நீளமாக இழுத்தார். அதனால் நாதம் மென்மையும் நிறைவும் பெற்றது. ஒரே மூச்சிற் பாடுவதுபோலச் சுரங்கள் தொடர்ந்தன. இதைக்கொண்டு அவர் மேனாட்டு இசையை வாசித்தார் என்று எழுதிவிடாதீர்கள். வில்லை இழுக்கும் முறையில் மட்டுமே அந்தச் சாயல் உண்டு. இராகமும் கமகமும் கர்நாடக மரபுக்குரியவை.

1938இல் வேலூரில் வயலினையே முதன்மை வாத்தியமாகக்கொண்டு தனிக் கச்சேரி செய்தார். பாடகர் இல்லை, சாகித்தியத்தின் சொற்களும் இல்லை. நாதம் ஒன்றே சபையோரைக் கட்டிப்போட வேண்டும். பின்னர் இத்தகைய கச்சேரிகள் பலவற்றை நிகழ்த்தினார்.

1941இல் சங்கீத கலாநிதி, 1957இல் பத்மஸ்ரீ ஆகிய விருதுகள் கிடைத்தன. 1952இல் இந்தியாவுக்கு வந்த உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெகுதி மெனுஹின் இவரது வாசிப்பைக் கேட்டுப் பாராட்டினார். 1964ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி நாயுடு காலமானார்.

அவரது ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. ஒன்றைக் கேளுங்கள். வில் திரும்பும் இடம் உங்கள் காதுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.