சாவி யார் கையிலே?

134 டாலர்!

அந்த மதிப்புக்கு நிலம் வைத்திருந்தால் ஓட்டு. இல்லையென்றால் வாய்க்குப் பூட்டு! நிலம் உடையவன் குடிமகன். நிலம் இல்லாதவன் வரி கட்டலாம், படையிலே சேரலாம், ஆலையிலே உழைத்து ஓடாகலாம் — ஆனால் ஆள்வது யார் என்று கேட்கக் கூடாது!

இப்படி ஒரு சட்டம் இருந்தது. எங்கே? முடிதரித்த மன்னன் கோலோச்சிய நாட்டிலா? அல்ல, தோழர்களே! மன்னனை விரட்டினோம், மக்களாட்சி கண்டோம் என்று மார்தட்டிய அமெரிக்காவிலே! அங்குள்ள மாநிலங்களிலெல்லாம் மிகச் சிறியதான ரோட் ஐலண்டிலே!

அந்தச் சட்டத்தைத் திருத்தப் புறப்பட்ட ஒருவரின் வரலாற்றை இன்று கூறுகிறேன். தேர்தல் விதியைத் திருத்துவதென்றால் ஏதோ வக்கீல்கள் வாதாடும் வறட்டு விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தத் திருத்தத்துக்காக ஒருவர் ஊரைத் துறந்தார், உற்றாரைப் பகைத்தார், ஆயுள் தண்டனை பெற்றார். அவர் பெயர் தாமஸ் வில்சன் டார்.

டார் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. 1805 நவம்பர் 5ஆம் நாள் பிராவிடன்ஸ் நகரிலே பிறந்தார். தந்தை சல்லிவன் டார், சீனத்தோடு கப்பல் வாணிபம் செய்து பெரும்பொருள் ஈட்டியவர். பிள்ளை ஹார்வர்டிலே படித்தார். 1823ல் பட்டம் பெற்றார். சட்டம் பயின்று 1827ல் வழக்கறிஞரானார். மாளிகை இருந்தது, மதிப்பு இருந்தது, ஓட்டும் இருந்தது. தனக்குக் கிடைத்தது போதும் என்று சாய்வு நாற்காலியிலே சாய்ந்திருக்கலாம். சாயவில்லை! தனக்கு இருக்கும் உரிமை பக்கத்து வீட்டானுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

அந்த மாநிலத்தின் கோலத்தைச் சற்றுப் பாருங்கள். 1663ல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ் ஒரு சாசனம் கொடுத்தான். 1776ல் அமெரிக்கர் மன்னனைத் தூக்கி எறிந்தார்கள். ரோட் ஐலண்டோ, மன்னனை எறிந்துவிட்டு அவன் கொடுத்த சாசனத்தை மட்டும் பெட்டியிலே பூட்டி வைத்துக்கொண்டது! பக்கத்து மாநிலமான கனெக்டிகட் கூட 1818ல் பழைய சாசனத்தைக் கைவிட்டுப் புதிய அரசியல் சட்டம் கண்டது. ரோட் ஐலண்டு அசையவில்லை.

ஓட்டு, 134 டாலர் நிலம் உடையவனுக்கு. அவனுடைய மூத்த மகனுக்கும் உண்டு. இளைய மகனுக்கு இல்லை! ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். முன்னே பிறந்தவன் அறிவாளி, பின்னே பிறந்தவன் அறிவிலியா? ஓட்டில்லாதவன் தனக்கு வரவேண்டிய கடனுக்காக வழக்குப் போடவும் ஒரு நிலக்காரன் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பணம் கொடுத்தவன் இவன். கேட்பதற்கு அவன் தயவு!

இடங்களைப் பங்கிட்ட முறையோ இதைவிட வேடிக்கை. நியூபோர்ட் நகருக்குச் சட்டமன்றத்திலே 6 இடம், பிராவிடன்சுக்கு 4. இது மன்னன் காலத்துக் கணக்கு. 1840ல் நியூபோர்ட்டின் மக்கள் தொகை 8 ஆயிரத்துச் சொச்சம். பிராவிடன்சின் தொகை 23 ஆயிரத்துக்கு மேல். எண்ணாயிரத்துக்கு ஆறு, இருபத்து மூவாயிரத்துக்கு நான்கு! ஊர் வளர்ந்தது; உரிமை வளரவில்லை.

ஊர் வளர்ந்தது எதனாலே? ஆலைகளாலே! 1790களில் பாட்டக்கெட் என்ற ஊரிலே நீர்விசையால் நூல் நூற்கும் ஆலை எழுந்தது. ஆலைகள் பெருகின, ஆலைத் தொழிலாளர் பெருகினர். நூற்றவர் அவர்கள், நெய்தவர் அவர்கள். காணி நிலம் இல்லாத காரணத்தால் அத்தனை பேரும் அரசியலிலே ஊமைகள்! அவர்களிடையே சேத் லூதர் என்ற தச்சுத் தொழிலாளி 1833லேயே எழுந்து, வரியும் படைச் சேவையும் எங்களிடம் வாங்குகிறீர்கள், ஓட்டை மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்று ஊர் ஊராகக் கேட்டார். வழி காட்டியவர் தொழிலாளி; பிறகுதான் வந்தார் வழக்கறிஞர் டார்.

டார் 1834ல் சட்டமன்றம் புகுந்தார். உள்ளே இருந்தே மாற்றலாம் என்று நம்பினார். அரசியல் சட்டம் வகுக்க அந்த ஆண்டே ஒரு மாநாடும் கூடிற்று. கூடினார்கள், பேசினார்கள், கலைந்தார்கள், சட்டம் பிறக்கவில்லை. எப்படிப் பிறக்கும்? சாசனத்தைத் திருத்துவது எப்படி என்று சாசனத்திலே ஒரு வரியும் கிடையாது. சட்டமன்றம் மனம் வைத்தால்தான் உண்டு. சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார்? நிலக்காரர்! வெளியே நிற்பவனை உள்ளே விடலாமா என்ற கேள்விக்கு, உள்ளே இருப்பவன் மட்டுமே ஓட்டுப் போடலாம். பூட்டு வெளியே, சாவி உள்ளே!

இந்த இடத்திலேதான் டாரும் அவருடைய தோழர்களும் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தனர். அரசியல் சட்டம் யாருடையது? மக்களுடையது. அப்படியானால் அதைத் திருத்தும் உரிமையும் மக்களுடையது. உள்ளே இருப்பவன் அனுமதி எதற்கு?

1840ல் வாக்குரிமைச் சங்கம் தோன்றிற்று. ஊர்வலங்கள் நடந்தன, கூட்டங்கள் பெருகின. 1841 அக்டோபரில் பிராவிடன்சிலே மக்கள் மாநாடு கூடி, புதிய அரசியல் சட்டத்தை வகுத்தது. டிசம்பர் 27ஆம் நாள் அதன்மீது வாக்கெடுப்புத் தொடங்கிற்று. சீட்டுகளிலே வாக்காளர் பெயரும், அவருக்கு நிலவுரிமை உண்டா இல்லையா என்பதும் குறிக்கப்பட்டன. முடிவு என்ன? ஆதரவு 13,944. எதிர்ப்பு 52! அந்த 13,944 பேரிலே 4,960 பேர் ஏற்கெனவே ஓட்டுரிமை பெற்றிருந்த நிலக்காரர்கள். வெளியே நின்றவன் மட்டுமல்ல, உள்ளே இருந்தவனிலும் நியாயம் தெரிந்தவன் கதவைத் திற என்றான்!

வெற்றி என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள். இந்த வெற்றியின் உள்ளே ஒரு விரிசல் இருந்தது. அதை மறைத்து இந்த வரலாற்றைச் சொன்னால் அது வரலாறு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும்.

புதிய சட்டம் ஓட்டை யாருக்குக் கொடுத்தது? வெள்ளை ஆண்களுக்கு. கறுப்பு மனிதனுக்கு இல்லை! அந்த மாநிலத்திலே கறுப்பர் ஓட்டு 1822ல் பறிக்கப்பட்டிருந்தது. மக்கள் மாநாடு அதை மீட்டுத் தரும் என்று பிராவிடன்ஸ் நகரக் கறுப்பர் நம்பினர்; மனுக் கொடுத்தனர். டார் அவர்கள் பக்கம் நின்றார். வெள்ளையர் என்ற சொல்லை நீக்கச் சொல்லி வாதாடினார். பெரும்பான்மையோர் கேட்கவில்லை. முதலிலே நாம் உள்ளே போவோம், அவர்களைப் பிறகு பார்ப்போம் என்று கணக்குப் போட்டனர். டாரின் குரல் தோற்றது. தோற்ற பிறகும் அவர் அந்தச் சட்டத்தையே தூக்கிச் சென்றார்.

அடிமைத் தளையை அறுத்துக்கொண்டு வந்த பிரடெரிக் டக்ளஸ், தம் தோழர்களோடு ரோட் ஐலண்டுக்கே வந்து, இந்தச் சட்டத்தை ஏற்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார். குற்றம் அவருடையதா? பந்தியிலே இடமில்லை என்று சொல்லிவிட்டு, பரிமாற மட்டும் வா என்றால் யார் வருவார்?

1842 ஏப்ரலில் மக்கள் சட்டத்தின்படி தேர்தல் நடந்தது. 6 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று டார் கவர்னரானார். சாசனக்காரர்களும் தனியே தேர்தல் நடத்திச் சாமுவேல் கிங் என்பவரைக் கவர்னராக்கிக் கொண்டனர். ஒரே மாநிலம், இரண்டு கவர்னர், இரண்டு சட்டமன்றம்! மக்கள் சட்டத்தின்கீழ் பதவி ஏற்பவன் துரோகி, அவனுக்கு ஆயுள் தண்டனை என்று சாசனச் சட்டமன்றம் ஒரு சட்டமும் செய்தது. மே 3ஆம் நாள் டார் ஊர்வலமாகச் சென்று பதவி ஏற்றார். அரசு மாளிகை பூட்டிக் கிடந்தது. கட்டி முடியாத ஒரு வார்ப்படச் சாலையிலே மக்கள் சட்டமன்றம் கூடிற்று. பூட்டை உடைத்து உள்ளே போவோம் என்றார் டார், உறுப்பினர்கள் தயங்கினர். இரண்டு நாளிலே கூட்டம் முடிந்தது.

டார் வாஷிங்டன் சென்றார். குடியரசுத் தலைவர் டைலர் கைகொடுக்க மறுத்தார். ஊர் திரும்பிய டார், ஆயுதத்திலே நம்பிக்கை வைத்தார். மே 17ஆம் நாள் நள்ளிரவு கடந்து, இருநூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடும் இரண்டு பழைய பீரங்கிகளோடும் பிராவிடன்ஸ் ஆயுதச் சாலையை முற்றுகையிட்டார். உள்ளே காவல் நின்றவர் யார் தெரியுமா? அவருடைய சொந்தத் தந்தை! சொந்த மாமன்! வெளியே மகன், உள்ளே தகப்பன், நடுவிலே பீரங்கி. திரிக்கு நெருப்பு வைத்தார்கள். பீரங்கி வெடிக்கவில்லை. விடிவதற்குள் ஆட்கள் கலைந்தனர்; தலைவர்கள் பலர் பதவி துறந்தனர். ஜூன் மாதம் செப்பாச்செட் கிராமத்துக் குன்றிலே மறுபடி கூடினார்கள். பெரும்படை வருகிறது என்றதும் டாரே கலையச் சொன்னார்.

அந்தப் பெரும்படைப் பக்கம் நின்றவர்களிலே கறுப்பரும் இருந்தனர்! பிராவிடன்ஸ் நகரைக் காக்கும் பணியிலே அவர்களைச் சாசன அரசு அமர்த்திக்கொண்டது. டாரின் தோழர்கள் ஒதுக்கிய கையை டாரின் எதிரிகள் பற்றிக்கொண்டனர். எண்ணிப் பாருங்கள்: நிலம் இல்லாதவனும் நிறத்தால் தாழ்த்தப்பட்டவனும் ஒரே அணியிலே நின்றிருக்க வேண்டியவர்கள். அவர்களைப் பிரித்தது எதிரியின் வாள் அல்ல; தன் சட்டத்திலே தானே எழுதிக்கொண்ட ஒரே ஒரு சொல்!

சரி, டார் தோற்றார், கொள்கை தோற்றதா? இல்லை! அஞ்சிய சாசன அரசே 1842 முடிவதற்குள் புதிய அரசியல் சட்டம் வகுத்தது. 1843 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. மன்னன் சாசனம் மறைந்தது. அந்த மண்ணிலே பிறந்த ஆண்களுக்கு, கறுப்பர் வெள்ளையர் வேற்றுமையின்றி, சிறு வரி செலுத்தினால் ஓட்டு வந்தது. ஆனால் பிற நாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவனுக்கு அதே 134 டாலர் நிலம் வேண்டும் என்று எழுதினர். அன்று ஆலைகளிலே குவிந்துகொண்டிருந்தவர்கள் அயர்லாந்து ஏழைகள். ஒரு கதவைத் திறந்த கையே மறு கதவை மூடிற்று!

டார் ஓடி ஒளிந்தே வாழ்ந்திருக்கலாம். அவர் தலைக்கு 5,000 டாலர் விலை வைத்திருந்தனர். 1843 அக்டோபரில் தாமாகவே பிராவிடன்ஸ் திரும்பினார், கைதானார். நியூபோர்ட்டிலே வழக்கு நடந்தது. 1844 ஜூனில் தீர்ப்பு: மாநிலத்துக்குத் துரோகம்; ஆயுள் முழுவதும் கடுங்காவல். புதிய சட்டத்துக்கு விசுவாசம் சொல்லிச் சத்தியம் செய்தால் விடுதலை என்று ஆசை காட்டினர். செய்ய மறுத்தார்! உடல் நலிந்தது, உறுதி நலியவில்லை.

சிறைக் கதவைத் திறந்தது எது? பீரங்கியா? அல்ல, ஓட்டு! டாரை விடுவிப்போம் என்று சொல்லி நின்ற சார்லஸ் ஜாக்சன் 1845 தேர்தலிலே கவர்னரானார். அந்த ஜூன் மாதமே டார் வெளியே வந்தார். கூட்டம் கூட்டி, நிதி திரட்டி, விடுதலைக்கு உழைத்தவர்களிலே பெண்கள் பலர். அவர்களுக்கோ எந்தச் சட்டமும் ஓட்டுத் தரவில்லை. முழு உரிமை வர 1920 ஆயிற்று.

யாருடைய அரசு சட்டப்படியான அரசு என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1849ல் நீதிபதிகள், இது அரசியல் கேள்வி, நீதிமன்றம் தீர்க்கும் கேள்வி அல்ல என்று ஒதுங்கினர். டார் 1851ல் குடியுரிமைகளைத் திரும்பப் பெற்றார். 1854 டிசம்பர் 27ல் கண் மூடினார். மக்கள் வாக்கெடுப்புத் தொடங்கிய அதே தேதி. 13 ஆண்டு கழித்து! அப்போது வயது 49.

வந்து குடியேறியவனைத் தடுத்த 134 டாலர் நிலத் தடை 1888ல் நீங்கிற்று. அப்போதும் நகரசபைத் தேர்தலில் சொத்து வரி கட்டுபவனுக்கே ஓட்டு என்று ஒரு வாலை விட்டு வைத்தனர். அந்த வால் அறுபட 1928 ஆயிற்று! டார் சட்டமன்றம் புகுந்த நாளிலிருந்து எண்ணினால் 94 ஆண்டு.

தோழர்களே! தேர்தல் விதி என்று எங்கே பேச்சு எழுந்தாலும், இடம் பங்கிடுவதானாலும், பட்டியலிலே பெயர் சேர்ப்பதானாலும், முதலிலே கேட்க வேண்டிய கேள்வி: சாவி யார் கையிலே? அடுத்து, அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: நாம் திறக்கப் போகும் கதவுக்கு வெளியே இன்னும் யார் நிற்கிறான்? முதல் கேள்வியைக் கேட்டதால் டார் வரலாற்றிலே நிற்கிறார். இரண்டாம் கேள்வியை அவருடைய அணி காதில் வாங்க மறுத்ததால், வென்றிருக்க வேண்டிய படை வெறுங்கையோடு வீடு திரும்பிற்று. கடைசி மனிதனையும் கூட்டிக்கொண்டு போகிற படைதான் கதவைத் திறக்கும்!