பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற தர்மம்



ஒரு முறை கூட்டத்திலிருந்து ஒருவன் இயேசு பெருமானை அணுகி, தந்தையின் சொத்தைத் தன்னோடு பங்கிட்டுக்கொள்ளும்படி தன் சகோதரனுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். ஆண்டவர் அந்த வழக்கைத் தீர்க்க இசையவில்லை. பேராசையைக் குறித்து எச்சரித்துவிட்டு, அறிவற்ற செல்வந்தனின் உவமையைச் சொன்னார். பொன்விழாக் காணும் இவ்வாண்டில் அந்தப் பகுதியைத் தியானிக்கும்போது, நம் சகோதர சமயத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. அவர் பெயரைச் சென்னையில் அறியாதார் இல்லை. அவர் கொடுத்த தர்மம் ஏழைகளின் கைக்கு வந்து சேர எத்தனை காலம் பிடித்தது என்பதை அறிந்தவர் சிலரே.

பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டு சென்னைக்கு வடக்கேயுள்ள பெரியபாளையத்தில் பிறந்தார். பூர்வீகம் காஞ்சிபுரம். அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தந்தை விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். தாய் பூச்சியம்மாள் பிள்ளைகளோடு திக்கற்றவரானார். பிறகு சென்னைக்கு வந்த அக்குடும்பத்தை ஆதரித்தவர் பௌனி நாராயண பிள்ளை என்ற துபாஷி. அக்காலத்தில் வெள்ளைக்காரருக்கும் நம் மக்களுக்கும் இடையே நின்று இரு மொழிகளிலும் பேசி வியாபாரத்தை நடத்தியவர்களைத் துபாஷிகள் என்று அழைத்தனர். நாராயண பிள்ளையிடம் தொழில் பழகிய சிறுவன், இளமையிலேயே தாமும் துபாஷியாகித் தஞ்சைச் சீமை வரை பெயர் பெற்றார், பெருஞ்செல்வம் சேர்த்தார்.

செல்வம் சேர்ந்தபோதும், பிறர் தயவில் வளர்ந்ததை அவர் மறக்கவில்லை. வாழ்ந்த நாளிலேயே கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்திற்கும் தாராளமாகக் கொடுத்தார். மனைவியர் இருவர் இருந்தும், குடும்பப் பெயர் சொல்ல ஆண் வாரிசு இல்லை. உடல் நலம் குன்றியபோது, 1794 மார்ச் 22 அன்று கும்பகோணத்தில் உயில் எழுதித் தம் செல்வத்தைத் தெய்வப் பணிக்கும் தர்மத்திற்கும் ஒப்படைத்தார். ஒன்பது நாள் கழித்து, மார்ச் 31 அன்று, காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 40.

நல்ல மனிதர் கடமையை முடித்துவிட்டார் என்று நாம் எண்ணலாம். ஆனால் தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. குடும்பத்தார் தங்களுக்கு உரிமை உண்டு என்றனர். சொத்தைக் கையில் வைத்திருந்தவர்களோ எளிதில் கணக்குக் காட்டி ஒப்படைக்கவில்லை. வழக்கு கோர்ட்டுக்குச் சென்றது. வருடங்கள் உருண்டன. வாதிட்டவர்கள் மூப்படைந்தனர், சிலர் மாண்டும் போயினர். சென்னையில் கோர்ட்டே இடையில் உருமாறி, 1801-இல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டது. உயிலில் கண்ட தர்மங்கள் மட்டும் நடைபெறாமலே கிடந்தன.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். வாரிசுக்கு வாய் உண்டு. சொத்தை வைத்திருப்பவனுக்கும் வாய் உண்டு. இருவரும் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். பசியோடு சத்திரத்து வாசலில் நிற்கும் ஏழைக்கு வக்கீல் ஏது? அதனால்தான் பொதுத் தர்மங்களின் சார்பில் அரசாங்கத்தின் அட்வகேட் ஜெனரல் வழக்காடலாம் என்று சட்டம் இடம் வைத்திருக்கிறது. அப்பதவியிலிருந்த சர் ஹெர்பர்ட் காம்ப்டன் இவ்வழக்கைக் கையில் எடுத்தார். பின்னர் அதே பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் அதைப் பலன் காணும் வரை விடாமல் நடத்தினார். இந்து ஒருவரின் தர்மத்தைக் காக்க, வேற்று நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்ததை நாம் நன்றியோடு நினைக்கத்தான் வேண்டும்.

உயிலில் சொல்லிய தர்மங்கள் நடக்க வேண்டும் என்று கோர்ட்டு ஆணையிட்டது. அதற்குள் வட்டி சேர்ந்து தொகை பெருகியிருந்தது. கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடக் கோர்ட்டு வழி செய்தது. நிர்வாகம் இந்துப் பெருமக்கள் அடங்கிய தர்மகர்த்தர் குழுவிடம் வந்தது. 1842-இல் இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. 1850-இல் எஸ்பிளனேடில் கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்களுடன் பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. 1889-இல் பள்ளி கல்லூரியாயிற்று; 1940-இல் சேத்துப்பட்டுக்குச் சென்றது. கணித மேதை இராமானுஜனும் அறிஞர் அண்ணாவும் அங்கே பயின்றவர்கள். நெடுங்காலம் இந்து மாணவருக்கு மட்டுமே இருந்த அதன் கதவு, 1947-இல் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்தது.

உயில் எழுதிய நாளுக்கும் பள்ளி திறந்த நாளுக்கும் இடையே 48 ஆண்டுகள்! தர்மம் அழியவில்லை, உண்மைதான். ஆனால் அந்த 48 ஆண்டுகளில் சோறின்றித் திரும்பிய ஏழைக்கும், எழுத்தறியாமல் வளர்ந்த பிள்ளைக்கும் எந்தத் தீர்ப்பு ஈடு செய்யும்? வழக்கு முடிந்ததும் கவலை தீர்ந்துவிடவில்லை என்பதற்கும் இதே தர்மம் சாட்சி. நம் காலத்திலும் இதன் நிர்வாகத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, ஓய்வு பெற்ற நீதிபதியை நிர்வாகியாக நியமிக்க நேர்ந்தது. ஆகவே தர்மத்தைப் படைப்பது ஒரு நாள் வேலை. காப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டிய வேலை.

இதை நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. குருத்துவப் பணியில் நாம் இருந்த ஓர் ஊரில், பாட்டனார் ஆலயத் திருவிழாவுக்கென்று வாய்மொழியாகக் கொடுத்த நிலத்திற்காக, பேரப்பிள்ளைகள் ஒரு புறமும் ஆலயப் பொறுப்பாளர் மறு புறமுமாக நின்றதைக் கண்டோம். இரு சாராரும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குவார்கள். வெளியே வந்தால் முகம் பார்க்க மாட்டார்கள். எத்தனையோ முறை பேசிப் பார்த்தோம். பாட்டனார் ஒரு காகிதத்தில் எழுதி, இரண்டு சாட்சிகளை வைத்துப் பதிவு செய்திருந்தால் அந்தப் பகை மூண்டிருக்காது. ஆண்டுதோறும் கணக்கைப் படித்துக் காட்டாத பொறுப்பாளரின் குற்றமும் அதில் சிறியதல்ல. அவர்களைத் தட்டிக் கேளாதிருந்த நமக்கும் அதில் பங்கு உண்டு.

பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு வந்தால் நிலம் அதன் பழைய உரிமையாளரிடம் திரும்ப வேண்டும் என்பது கட்டளை. கடவுளுக்கென்று கொடுத்ததன் உரிமையாளர் யார்? கொடுத்தவரின் பேரனும் அல்ல, சாவி வைத்திருக்கும் நாமும் அல்ல, ஏழைகளே. ஆகவே இப்பொன்விழா ஆண்டில், கொடுக்க விரும்புவோர் வீட்டாரைக் கலந்து தெளிவாக எழுதிக் கொடுங்கள். முன்னோர் கொடுத்ததை மனமுவந்து உறுதிப்படுத்துங்கள். எம்மிடமும் பங்குப் பேரவையிடமும் கூசாமல் கணக்குக் கேளுங்கள். காட்டுவது எங்கள் கடமை. உடன்பிறந்தாரோடு வழக்குள்ளவர்கள் திருவிழாக் கொடி ஏறுமுன் சமாதானமாகுங்கள்.

பச்சையப்பருக்கு உயில் எழுதிய பின் ஒன்பது நாட்களே கிடைத்தன. நமக்கு எத்தனை நாள் என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார். அவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.